அபராதம் என் பேரில்

துமாசி விஷன் ஸ்டூடியோவில் ஒரே ஒரு நல்ல நாற்காலிதான் இருந்தது. அது கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடந்தது. அதில் எடிட்டர் போஹேன் உட்காருவான். மற்றவர்கள் நிற்பார்கள், அல்லது கேமரா பெட்டிமேல் உட்காருவார்கள். லைட் பிடிக்கிற பொக்குவா மட்டும் பெட்டிமேல்கூட உட்காரக் கூடாது. மூடி வளைந்துவிடும் என்று முதலாளி துமாசி சொல்லியிருந்தார். அவள் அவரில் பாதி எடை. அவர் அதே பெட்டியில் உட்கார்ந்துதான் கென்கே சோள உருண்டையும் மீனும் தின்பார்.

குமாசியில் சாவு வீடியோ எடுக்கிறவர்களுக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் எங்காவது ஒரு பந்தல், கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் ஐந்நூறு பேர், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். அந்தப் பந்தல்களில் பொக்குவா மூன்று வருஷம் லைட் தூக்கினாள். பாலிடெக்னிக்கில் கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு இதுவே அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நினைக்கவில்லை. அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஏழு மாதமாக போனில் எடிட்டிங் படித்தாள். இணையத்தில் இலவசமாகப் பன்னிரண்டு பாடம். சொல்லித் தருகிறவர் ஏதோ குளிர் தேசத்து ஆள். அவருடைய ஜன்னலுக்கு வெளியே எப்போதும் பனி. சாவு வீட்டில் பெரியவர்களின் பேச்சு நீளும்போது லைட்டை அணைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்வாள். தலையில் கட்டிய கறுப்புத் துணி அதை மறைத்துக்கொள்ளும். பயிற்சிக்கு அந்த ஆள் கொடுத்த காட்சி, ஒருத்தன் காபி போடுவது. அவள் அதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிப்பதைப் படம் எடுத்தாள். ஒருத்தி உலக்கை போட, இன்னொருத்தி இரண்டு இடிக்கு நடுவில் கையை விட்டு மாவைத் திருப்பிப் போடுவாள். எட்டு முறை வெட்டி ஒட்டினாள், எட்டையும் அழித்தாள். ஒன்பதாவது முறை போட்டுப் பார்த்தபோது, உலக்கை இறங்குகிற நொடியில் தன் கையைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வித்தை வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

போஹேனிடம் காட்டினாள்.

"போன்லயா பண்ணின?" என்றான். "போன்ல சமையலும் சொல்லித் தராங்களாம். அதையும் படி. கல்யாணத்துக்கு ஆகும்."

"உன் கல்யாண வீடியோவ நானே வெட்டித் தரேண்ணே. தொப்பை தெரியாம."

துமாசி பெட்டிமேல் உட்கார்ந்தபடி புரை ஏறச் சிரித்தார். விஷயம் அதோடு முடிந்தது.

ஒரு புதன்கிழமை போஹேன் தலைநகர் அக்ராவிலிருந்து போன் செய்தான். டிவி தொடர் ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது, திரும்ப மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை டூஃபியே அம்மாவின் சாவு வீடியோவைக் குடும்பத்தார் முன் போட்டுக் காட்ட வேண்டும். எண்பத்தோரு வயதில் போன துணி வியாபாரி. மகள் செர்வா கறாரான ஆள். கையில் இருந்தது இரண்டு கேமராவில் எடுத்த ஒன்பது மணி நேரப் படம். துமாசி நான்கு எடிட்டர்களுக்குப் போன் போட்டார். நான்கு பேர் மேசையிலும் வேறு பிணங்கள் வரிசையில் இருந்தன.

"ஏய் பொக்குவா," என்றார் கடைசியில். "அந்த ஃபுஃபு நீயே பண்ணினதா?"

"நானேதான்."

"உட்காரு. வெளிய மூச்சு விடாதே. யாராவது வந்தா எழுந்து லைட்டத் துடைக்கிற மாதிரி நில்லு."

உட்கார்ந்தாள். யார் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

போஹேன் வெட்டினால் படத்தில் நட்சத்திரம் சுழலும், வெள்ளைப் புறா பறக்கும், சவப்பெட்டியைச் சுற்றி இதயங்கள் மிதக்கும். அவள் எல்லாப் புறாவையும் தூக்கி எறிந்தாள். இருபது நிமிஷப் பேச்சுகளை ஒரு நிமிஷமாக்கினாள். ஆனால் வந்த ஒருவர் முகத்தையும் விடவில்லை. சாவுக்கு வந்தேன் என்பதற்கு நாளைக்கு அந்த வீடியோதான் சாட்சி. அது அவளுக்கு யாரும் பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கை கொடுக்கும் இடத்தில் சிக்கினாள். குடும்பத் தலைவர் நானா அம்பொன்சா தன் ஆட்களோடு வரிசையாகப் போய், பெக்வாயிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே நகர்கிறார். முதல் கேமராவில் வலமிருந்து இடமாகப் போகிறார். இரண்டாவது கேமரா எதிர்ப்பக்கம் நின்றது, அதில் இடமிருந்து வலமாகப் போகிறார். ஒட்டிப் பார்த்தால், கிழவர் போன வழியிலேயே திரும்பி வந்து தன்னையே முட்டிக்கொள்வது போலிருந்தது. ஏழாம் பாடத்தில் இதற்கு மருந்து உண்டு. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பிவிடு, எழுத்து எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள், யாருக்கும் தெரியாது என்று பனித் தேசத்து ஆள் சொல்லியிருந்தார். அவள் மூன்று முறை பார்த்தாள். பேனர் இல்லை, எழுத்துப் போட்ட சட்டை இல்லை. திருப்பினாள். கிழவர் ஒரே திசையில் தண்ணீர் மாதிரி போனார்.

அவள் எழுத்தைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து செர்வாவின் வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் கூடினார்கள். பெரிய டிவியை மேசைமேல் வைத்தார்கள். படம் ஓடத் தொடங்கியது. அரைமணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. துமாசி கைகளைக் கட்டிக்கொண்டு, தானே வெட்டியவர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். பொக்குவா சுவரோரம் நின்றாள். வீடியோ ஓடும்போது இத்தனை பேர் தூங்காமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

பிறகு கை கொடுக்கும் இடம் வந்தது.

ஒரு பெண் சிரித்து, பாதியில் நிறுத்தினாள். டிவியில் நானா அம்பொன்சா, போர்த்திய துணி வலது தோளில் கிடக்க, பெக்வாய்ப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் இடது கையை நீட்டிக்கொண்டு போனார். அவர்களும் இடது கையால் வாங்கிக்கொண்டார்கள். அறுபத்தைந்து வினாடி. பதினோரு பேர்.

"நிறுத்து," என்றார் நானா.

அதற்குமேல் அவர் நேராகப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ஒச்சியாமேயிடம் தணிந்த குரலில் சொன்னார். சபையில் வழக்கப்படி அவருடைய வாயாக இருக்கிற அந்த மெலிந்த மனிதர் எழுந்தார்.

"நானா கேக்குறாங்க. எம்பது வயசுக்கு நான் என்னிக்கு இடது கைய நீட்டினேன்? பெக்வாய்க்காரங்க இதப் பாத்தா, அவங்கள நான் என்னன்னு நெனச்சேன்னு எடுத்துக்குவாங்க? இது யார் பண்ணினது?"

துமாசி முழங்கால் மடங்கக் குனிந்தார். "ஒச்சியாமே, நானா கிட்ட சொல்லுங்க. என் எடிட்டர் ஊர்ல இல்ல. இந்த லைட் பிடிக்கிற பொண்ணு எனக்குத் தெரியாம மெஷின்ல கைய வெச்சுடுச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது. வெறும் போன பாத்துட்டு ஏதோ பண்ணியிருக்கு."

செர்வா திரும்பிப் பொக்குவாவைப் பார்த்தாள். நாற்பது தலைகளும் திரும்பின.

ஒச்சியாமே குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "தெரியாத பிள்ளை பண்ணினா அது வழக்கே இல்லன்னு நானா சொல்றாங்க. அவ மேல கோபம் இல்ல. மாஸ்டர், நீங்க தெரிஞ்ச ஆளா பாத்து மொதல்லேர்ந்து பண்ணிக் கொண்டாங்க."

துமாசி மூச்சு விட்டார். பொக்குவா தப்பித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், சனிக்கிழமை வழக்கம்போல் லைட்டைத் தூக்கலாம். அவள் வெட்டிய நாற்பது நிமிஷப் படமும் குப்பைக்குப் போகும். எவனாவது வந்து புறாக்களைத் திரும்பப் பறக்கவிடுவான். அவள்மேல் இனி யாரும் கோபப்படக்கூட மாட்டார்கள்.

அவள் சுவரைவிட்டு வந்தாள்.

"ஒச்சியாமே, நானா கிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இந்த வேலை. ஏழு மாசம் படிச்சேன். மாஸ்டர்தான் என்ன உட்கார வெச்சாரு. கை தவறிப் பண்ணல, யோசிச்சுத்தான் அந்தப் படத்தத் திருப்பினேன். எழுத்து இருக்கான்னு பாத்தேன், கையப் பாக்கல. தப்பு என்னோடது. தெரியாத பிள்ளையோடது இல்ல."

"பொக்குவா, வாய மூடு," என்றார் துமாசி பல்லிடுக்கில்.

"மூடினா புறா பறக்கும் மாஸ்டர்."

ஒச்சியாமேக்கு அது புரியவில்லை. ஆனாலும் குனிந்து நானாவிடம் சொன்னார். கிழவர் அவளைப் பார்த்தார். கண்ணில் இரக்கம் ஒன்றும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"தெரிஞ்சு பண்ணினா அபராதம் உண்டு. தெரியுமில்ல?" என்று ஒச்சியாமே வழியாகக் கேட்டார்.

"தெரியும்."

"ரெண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம். வியாழக்கிழமைக்குள்ள. படத்தையும் நீயே சரி பண்ணணும்."

"பண்றேன். ஒண்ணு கேக்கணும். கை கொடுக்கிறதத் தவிர மிச்சப் படத்துல குத்தம் ஏதாவது இருக்கா?"

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அபராதம் வாங்கியவள் கேள்வி கேட்பது வழக்கமில்லை. ஒச்சியாமே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கினார். செர்வா முந்திக்கொண்டாள்.

"போன வருஷம் எங்க மாமா சாவு வீடியோவுல பாதிப் பேரு குறட்டை விட்டாங்க," என்றாள். "இன்னிக்கு யாரும் விடல. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

திரும்பும் வழியில் வண்டி சுவாமே ரவுண்டானாவில் நெரிசலில் நின்றபோது துமாசி ஆரம்பித்தார்.

"நாப்பது பேர் முன்னாடி என்னப் பொய்யன் ஆக்கிட்ட."

"நான் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஆயிட்டீங்க."

"சரி விடு. பாட்டில நான் வாங்கறேன். துமாசி விஷன் கொடுத்ததா இருக்கட்டும். உனக்கு எதுக்குச் செலவு?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டில் அவர் கொடுத்தால் தப்பு அவருடையதாகும், படமும் அவருடையதாகும். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"வேண்டாம் மாஸ்டர். அபராதம் என் பேர்ல."

மறுநாள் முதல் வேலையாக, திருப்பிய படத்தை நேராக்கினாள். கிழவர் மறுபடி தன்னையே முட்டிக்கொண்டார். அரை நாள் முயன்றாள். கடைசியில் இரண்டு படங்களுக்கும் நடுவே, கேமராவை நேருக்கு நேர் பார்த்து முழக்கும் மேளக்காரனை மூன்று வினாடி வைத்தாள். அந்த மூன்று வினாடியில் கண் திசையை மறந்துவிடுகிறது. இது எந்தப் பாடத்திலும் வரவில்லை. பிறகு ஏழாம் பாடத்தின் கீழே போய்த் தன் பெயரிலேயே எழுதினாள்: "யாருக்கும் தெரியாது என்று சொன்னீர்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. திருப்புவதற்கு முன் எந்தக் கை என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்." பதில் வருகிறதா என்று பார்க்கக் காத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை கெஜெட்டியா சந்தையில் வாங்கிய இரண்டு பாட்டில்களோடு செர்வாவின் வீட்டுக்குப் போனாள். கூப்பிடாமலே துமாசியும் பின்னால் வந்தார். ஒச்சியாமே மூடியைத் திறந்து, கொஞ்சம் மண்ணில் ஊற்றி, டூஃபியே அம்மாவைக் கூப்பிட்டார். முன்னோர்களைக் கூப்பிட்டார்.

"படம் வெட்டுகிற பொக்குவா தப்புப் பண்ணினாள். படம் வெட்டுகிற பொக்குவா அபராதம் கொண்டுவந்தாள். வழக்கு தீர்ந்தது."

"நம்ம துமாசி விஷன்ல வேலை பாக்கிற பொண்ணுதான்," என்று துமாசி இடையில் புகுந்தார்.

"பாட்டில் யார் கையிலேர்ந்து வந்துதோ, அவங்களத்தான் மூதாதைங்களுக்குச் சொல்ல முடியும் மாஸ்டர்," என்றார் ஒச்சியாமே. "நீங்க ஒண்ணு கொண்டாந்திருந்தா உங்களையும் சொல்லியிருப்பேன்."

நானா அம்பொன்சா ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "போடு," என்றார்.

போட்டாள். கை கொடுக்கும் இடம் நெருங்கியபோது எல்லோரும் முன்னுக்குக் குனிந்தார்கள். துமாசி அவள் காதருகே வந்தார்.

"சனிக்கிழமை எஜிசுவுல சாவு. காலையில ஆறு மணிக்கு லைட்டோட வந்துடு."

"வேற ஆளப் பாருங்க மாஸ்டர். நான் மெஷின்ல இருப்பேன்."

"ரெண்டு நாள்ல ஆளுக்கு நான் எங்கடி போவேன்?"

"மெதுவா பேசுங்க," என்றாள் பொக்குவா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானா பாக்குறாங்க."