லேசா ஒரு உதறல்

செழியனின் மார்புக்குள் அந்தக் கருவியைப் பொருத்தியபோது, அது கூடவே இருக்கும் காவல்காரன் என்றுதான் டாக்டர் சொன்னார். இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவது. அண்ணன் வளவன் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். சொம்பு வருவதற்குள் போய்விட்டான். தம்பிக்கு அப்படி ஆகாது, துடிப்பு தாறுமாறானால் கருவி உள்ளேயே ஷாக் கொடுத்துச் சரிசெய்துவிடும் என்றார்கள்.

சரியாகத்தான் செய்தது. போளூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவனை முதல் ஷாக் குப்புறத் தள்ளியது. உள்ளேயிருந்து மாடு உதைத்தது போலிருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அதோடு வேன் ஓட்டும் வேலை போயிற்று. மாடிப்படி போயிற்று. மனைவி மதிவதனியோடு சண்டை போடுவதுகூடப் போயிற்று. கோபம் வந்தால் துடிப்பு ஏறுமே என்று வாயை மூடிக்கொண்டான். பௌர்ணமி தவறாமல் அடி அண்ணாமலையில் அவன் வீட்டைத் தாண்டி ஊர் உலகமே கிரிவலம் நடந்து போனது. அவன் தெருமுனைக்குப் போகவும் பயந்தான்.

பெற்ற பிள்ளையையும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், கல்லூரியில் கபடி ஆடிக்கொண்டிருந்த மகள் கவிநிலாவை அழைத்துப் போனார்கள். அவளுக்கும் இருந்தது. மார்பில் ஒயர் ஒட்டி நாள் முழுக்கப் பார்த்ததில், துடிப்பு நடுநடுவே தடம்புரண்டது தெரிந்தது. இவளுக்கும் கருவி வைத்தாக வேண்டும் என்றார்கள்.

அவள் பிடிகொடுக்கவில்லை.

"நீங்க சொன்னாத்தான் கேப்பா. போய்ச் சொல்லுங்க" என்று மதிவதனி அவனை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மகளின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அந்த ஷாக்கு வந்தா எப்டிப்பா இருக்கும்? நெஜமா சொல்லு."

"லேசா ஒரு உதறல்மா, அவ்ளோதான். வலியெல்லாம் ஜாஸ்தி கெடையாது."

"அப்புறம் ஏம்பா நீ எங்கயுமே போறதில்ல?"

செழியனின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "வயசாவுதுல்ல..." என்று சிரிக்கப் போனான். அதற்குள் ஷாக் அவனை நாற்காலியிலிருந்து தூக்கி எறிந்தது. அலறினான். எழுவதற்குள் இரண்டாவது. "வேணாம்! நிறுத்துங்க, யாராவது நிறுத்துங்கடா!" என்று யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே கெஞ்சினான். மூன்றாவதில் வேட்டி நனைந்தது. கையிலிருந்த துணியை மார்போடு இறுக்கிக்கொண்டு கவிநிலா சுவரோரம் நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி எழுதி அனுப்பினார்கள். வீடு வந்தவனுக்கு அவள்தான் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"எனக்கு வேணாம்பா. பெரியப்பா மாரி ஒரேயடியா போறதுன்னா போயிடறேன்."

மதிவதனி அழுதாள், கத்தினாள், அண்ணாமலையார் மேல் ஆணையிட்டாள். ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வந்து போயிற்று. கவிநிலா கபடியை மட்டும் விட்டுவிட்டு, வழக்கம்போலக் காலேஜ் பஸ் ஏறினாள்.

"இன்னாங்க, பெத்த பொண்ணுங்க! அழுத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?" மதிவதனி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். மறுகணமே பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டாள்.

முன்னமே யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவனும் மகளைப் போலவே கருவி வேண்டாம் என்றிருப்பான். அதை மதிவதனியிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு, மகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் பண்ணுவதற்காகக் காத்திருந்தான்.