ஒரு வாய் மண்

அப்பாவின் உயிர் மண்ணாசையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொன்னவர் ஐயாவு சித்தப்பா. "வயல்ல ஒரு கை மண்ணு எடுத்தாந்து தண்ணியில கரைச்சு வாயில ஊத்துங்க. நிம்மதியாப் போயிருவாரு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்குப் பகலவன் என்று பெயர் வைத்தவரே, கறுப்புச் சட்டைக் கூட்டங்களுக்குச் சைக்கிள் மிதித்துப் போன அப்பாதான். "இந்த வீட்ல அதெல்லாம் நடக்காது" என்று கத்தினேன். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வயிற்றில் கட்டியோடு அப்பா படுத்து அன்றைக்கு முப்பத்தெட்டு நாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குடவாசலிலிருந்து நர்ஸ் ஷமீரா வாரம் இரண்டு முறை ஸ்கூட்டியில் வந்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போவார். கடைசி வாரம் அப்பாவுக்கு நினைவு மங்கியதும் கண்டிப்பாகச் சொன்னார்: "வாயில சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதீங்க. அவரால முழுங்க முடியாது, மூச்சுக்குழாய்ல போயிரும். பஞ்ச நனைச்சு உதட்டத் துடைங்க, போதும்."

அம்மா மட்டும் விடவில்லை. மூன்று முறை கேட்டாள். அப்பா பத்து வயதிலிருந்து அடுத்தவர் வயலில் சேறு மிதித்தவர். ஐம்பதைத் தாண்டித்தான் வாய்க்கால் ஓரமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் சொந்தமாக வாங்கினார். நினைவு தப்பும்வரை "தண்ணி வந்துச்சா, நாத்து பறிச்சாச்சா" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. "ஒரே ஒரு வாய்டா. ஏக்கத்தோட போயிருவாருடா" என்று அம்மா கெஞ்சினாள். "ஊத்துனா மூச்சு அடைச்சுச் சாவாரு. அதான் வேணுமா ஒனக்கு?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வயலில் நடவு. ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு அம்மா போயிருந்தாள். நான் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியிலிருந்து மூன்றாவது தடவை போன் வந்தது. திங்கட்கிழமை டூட்டிக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அப்பா செத்தால் பதினைந்து நாள் லீவு தருகிற கம்பெனி, அப்பா சாகக் கிடந்தால் தருவதில்லை. போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். தொண்டையில் கொறகொறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதே சத்தம், நேற்றும் அதே சத்தம்.

கொல்லையில் சாத்தியிருந்த மண்வெட்டியில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி டம்ளரில் கரைத்தேன். அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்து ஊற்றினேன். ஒரு மடக்கு உள்ளே போனது. அடுத்த மடக்கில் புரையேறியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும், அடங்கிவிட்டார். உதட்டோரத்துச் சேற்றை ஷமீரா கொடுத்திருந்த பஞ்சால் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன்.

அம்மா சேற்றுக் காலோடு ஓடிவந்து, "ஒரு வாய் மண்ணு குடுக்கலையே" என்றுதான் தலையில் அடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மண் கொடுக்க விடாத மகன் என்ற பழி எனக்கு வசதியாக இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். கருமாதி முடிந்தும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கை வைப்பாள், எடுத்துவிடுவாள். நான் மூன்று வேளையும் வயிறு முட்டத் தின்றேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் ஷமீரா வந்தார். "நோயாளி போனப்புறமும் ஒரு தடவை வருவோம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்க" என்று அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாட்டைப் பாடினாள். "கனவுல வந்து வாயத் தொறந்து காட்டுறாரும்மா. வெறும் வாயி." ஷமீரா முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் கேட்டார்.

ஸ்கூட்டிவரை கூடப் போய், நடந்ததை அவரிடம் சொன்னேன். ஹெல்மெட்டை மாட்டப் போனவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் ஊத்தலன்னா இன்னும் இருந்திருப்பாரா சிஸ்டர்?"

"ஒரு நாளு இருந்திருக்கலாம். ரெண்டு நாளாவும் இருக்கலாம். இல்லன்னு ஒங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். ஹெல்மெட்டை ஸ்கூட்டியில் வைத்துவிட்டு, "ஏன் ஊத்துனீங்க?"

"திங்கக்கிழமை டூட்டி."

அவர் முகத்தில் கோபம் வருமென்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாப்பத்தஞ்சு நாளு பீ மூத்திரம் அள்ளியிருக்கீங்க. அலுத்துப்போன மனுசன் பண்ற தப்புதான். ஆனா எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? உள்ள போய் அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க பட்டினி கெடக்குறது ஒங்களாலதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

உள்ளே அம்மா இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் ஊத்துனேன்."

"என்னத்த?"

"வயல் மண்ண. நீ நடவுக்குப் போயிருந்தப்ப. மம்முட்டில இருந்ததச் சுரண்டிக் கரைச்சு ஊத்துனேன். பொறையேறிடுச்சு. அதுலதாம்மா போனாரு."

கையிலிருந்த விள்ளலைத் தட்டில் வைத்தாள். "முழுங்குனாரா?"

"ஒரு மடக்கு."

"கண்ணத் தொறந்தாரா?"

"தொறந்தாரு. என்னப் பாத்தாரு. அம்மா, சொல்றத முழுசாக் கேளு. அவரு ஆசைக்காக ஊத்தல. வேலைக்குப் போவணும், சீக்கிரம் முடிஞ்சாத் தேவலன்னு ஊத்துனேன்."

"எதுக்காக இருந்தா என்னடா. குடிச்சாருல்ல" என்றாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இத்தனை நாளில் முதல்முறையாக ஓவென்று அழுதாள். திட்டுவாள், சாபம் கொடுப்பாள், கொலைகாரப் பாவி என்பாள் என்று எதற்கெல்லாமோ என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தட்டை இழுத்து ஐந்து இட்லியையும் சாப்பிட்டாள். சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

கை கழுவிவிட்டு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"நானும் இப்படி இழுத்துக்கிட்டுக் கெடந்தா, நீயே கரைச்சு ஊத்திருடா. ஒனக்குத்தான் கை நடுங்காது."

"சரிம்மா" என்றேன்.