யார் அந்த ஜாங்கோ?

கலைமதிக்கும் ரகுநாத்துக்கும் கல்யாணமான புதிதில் சண்டையே வந்ததில்லை. இருவரும் அறந்தாங்கி வீட்டிலிருந்தபடியே சென்னை கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் வேலை பார்த்தார்கள். அதே ஊர்க்காரர் மலையாண்டி தன் கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் கேட்டபோதுதான் வினை வந்தது.

சேர்ந்தே செய்வோம் என்றுதான் ஒப்புக்கொண்டார்கள். எதில் செய்வது என்பதில் முட்டிக்கொண்டது. ரகுநாத்துக்குப் பைத்தான் மொழியும், அதில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவும்தான் உயிர். கலைமதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியும், அதில் வெப்சைட் கட்டும் ரியாக்டும்தான் சிறந்தது என்ற கட்சி.

“மண்டபம் காலியா இருக்கான்னு காட்டப்போறோம். அதுக்கு ரியாக்டா? ரோசாச்செடி நட ஜேசிபி கூப்புடுவியா?”

“ஒங்க ஜாங்கோ என்ன பெரிய இவனா? கல்யாணத்துக்கு முன்னாடியே அவன்கூடத்தான் கெடந்தீங்க. பேசாம அவனையே கட்டியிருக்கலாம்ல?”

அடுப்படியில் ரகுநாத்தின் அம்மா புவனேஸ்வரி கையிலிருந்த கரண்டி நழுவியது. வந்த வரனையெல்லாம் மகன் தட்டிக்கழித்த காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எதுவா இருந்தாலும் அம்மா ஏத்துக்கிறேன்டா. ஆனா இந்தப் புள்ளைய ஏன்டா ஏமாத்துன?”

இருவரும் விழிப்பதற்குள் சம்பந்திக்கும் போன் போய்விட்டது. கலைமதியின் அப்பா கண்ணுசாமி ஆலங்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்.

“மாப்ள, யாரு அந்த ஜாங்கோ?”

ரகுநாத் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். “இதான் மாமா.”

கண்ணுசாமி திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “இதுக்கா கடலை எடுக்குற வேலைய விட்டுட்டு வந்தேன்?”

புவனேஸ்வரி மட்டும் இறங்கி வரவில்லை. “என்னவா வேணா இருக்கட்டும். குடும்பத்தப் பிரிக்கிறவன் இந்த வீட்டுக்கு வேணாம்.”

கலைமதி ஜெயித்தாள். ரகுநாத்தின் தொங்கிப்போன முகத்தைப் பார்த்தபோது அந்த வெற்றி இனிக்கவில்லை.

மறுநாள் மலையாண்டி கூப்பிட்டார். “தம்பி, வெப்சைட் வைக்க எடம் வாங்கிட்டேன். ஆஃபர்ல கெடச்சுச்சு.”

அந்த இடத்தை லேப்டாப்பில் திறந்து பார்த்தார்கள். அங்கே ஓடுவது பிஎச்பி ஒன்றுதான். கல்லூரிக் காலத்திலிருந்து இருவரும் கிண்டலடித்து வந்த பழைய மொழி. வேறு இடம் வாங்கச் சொல்லி மன்றாடினார்கள். “வாங்குனத வீணாக்க முடியுமாப்பா?” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இந்த வேலையை எடுத்த பிறகு முதல்முறையாக இருவருக்கும் ஒரே கருத்து. ஒரே லேப்டாப் முன் நெருங்கி உட்கார்ந்து, வரிக்கு வரி திட்டிச் சிரித்து எழுதி முடித்தார்கள். மீமிசலிலிருந்து ஒரு காதுகுத்து முதலில் பதிவானது.

வெப்சைட் இன்றும் நன்றாக ஓடுகிறது. எதில் செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் இருவரும் ஒன்றாகப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.