பதினாலாவது சீட்டு

கிளாவர் ஜாக்கியைப் போடச் சொல்லி அண்ணியிடம் கை காட்டியபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. ராணி அண்ணன் கையில் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். யாரும் எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாம் எண்ணித் தெரிந்துகொண்டதுதான். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பகலா சாயங்காலமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். துறைமுகத்திலிருந்து ஏதோ ஒரு கப்பல் தூக்கத்தில் முனகுவதைப் போல ஒரு தடவை ஊதிவிட்டு ஓய்ந்தது. பிரிட்ஜ் ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு. எதிராளி கையில் கவிழ்ந்திருக்கிற சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பின்பக்கத்து நீலப் பூவையும் தாண்டி முன்பக்கம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு இதுதான் வேலை. பெண்கள் ஒரு கட்சி, ஆண்கள் ஒரு கட்சி. அண்ணி மாலுமிகள் தங்கும் விடுதியில் குமாஸ்தாவாக இருந்தபோது கற்றுக்கொண்டு வந்து எங்கள் மூன்று பேர் தலையிலும் கட்டிய ஆட்டம். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்ற நாலு இனத்தில் முதல் ஆள் எதைப் போடுகிறாரோ அதையே மற்றவர்களும் போட வேண்டும், அது கையில் தீர்ந்தால்தான் வேறு. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். இத்தனை பிடி பிடிப்பேன் என்று ஏலத்தில் ஆட்டத்தை எடுத்தவர் ரெண்டு கைக்கும் சேர்த்து அவரே ஆட வேண்டும். அவருடைய கூட்டாளி சீட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குத்தான் டம்மி என்று பேர். இந்த ஆட்டத்தை எடுத்தது நான், டம்மி அண்ணி. சட்டம் பேசுவதில் எங்கள் அண்ணியை யாரும் மிஞ்ச முடியாது. டம்மியாகிவிட்டால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வாள்.

என் வலது கைப்பக்கம் அண்ணன். துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கி லாரி மேல் பூப்போல இறக்குவார். இடது கைப்பக்கம் என் வீட்டுக்காரர். அந்தப் பெட்டிக்குக் கீழே நின்று, வாக்கி டாக்கியில் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து' என்று சொல்லிக் கொக்கியைக் கழற்றுகிறவர். ஒரு வருஷமாக அண்ணன் தன் கிரேனுக்குக் கீழே இவரைத் தவிர வேறு யாரையும் நிற்க விடுவதில்லை. 'மாப்ளே குரல் இருந்தா எனக்குப் போதும்' என்பார். இப்படி ஒரு மச்சான் யாருக்கு வாய்ப்பான் என்று நான் மருந்துக் கடையில் என்கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் வாய் சும்மா இருக்குமா?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் சிரிப்புக்கு அர்த்தம் புரியும். ஏலத்தில் என் வீட்டுக்காரர் ஸ்பேட் கேட்டார். கையில் அஞ்சாவது இல்லாமல் கேட்க மாட்டார். மூணாவது சுற்றில் அண்ணனிடம் ஸ்பேட் தீர்ந்துபோனதால் அந்த அஞ்சும் உறுதி. டைமண்டை மூணு சுற்று ஆடித் தீர்த்தாயிற்று, அதில் இவரிடம் இருந்தது மூணு. ஆட்டின் என்னிடமும் அண்ணியிடமுமாக ஏழு போக, ஆண்களிடம் ஆறு. முதல் சுற்றில் ரெண்டு பேரும் ஆட்டின் போட்டார்கள். ரெண்டாவது சுற்றில் அண்ணன் டைமண்ட் ஆறைப் போட்டார். அப்படியென்றால் அண்ணனிடம் ஒரே ஒரு ஆட்டின், மிச்ச அஞ்சும் இவரிடம். அஞ்சும் மூணும் அஞ்சும் பதின்மூன்று. கை நிரம்பிவிட்டது. கிளாவர் ஒன்றுக்குக்கூட இவரிடம் இடம் இல்லை, ராணி உட்பட எல்லாம் அண்ணனிடம். பொறியைத் திறந்து வைத்துவிட்டு எலி வருவதற்காகக் காத்திருப்பதுதான் பாக்கி.

அண்ணன் கிளாவர் நாலைப் போட்டார். நான் சின்னதாக ஒன்றைப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு சீட்டை உயரத் தூக்கி, மேசை அதிர அடித்தார்.

"கிளாவர் ராணி!"

எங்கள் வீட்டில் சீட்டைப் போடும்போது பேர் சொல்லிப் போட வேண்டும். அண்ணன் கொண்டுவந்த பழக்கம். 'சொல்லிப் போட்டா கேக்க அழகா இருக்கு' என்று போன வருஷம் ஆரம்பித்தார். அவர் மட்டும் சொல்ல மாட்டார். கிரேன்காரன் பேச மாட்டான், கீழே இருக்கிறவன்தான் பேசணும் என்று ஒரு ஜோக் வைத்திருந்தார்.

"எப்படி ஒளிச்சு வெச்சிருந்தேன் பாத்தியா? உங்க தங்கச்சி மகாராணி மூஞ்சியப் பாருங்க மச்சான், ஈயாடல!"

நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சு, மூணு, அஞ்சு, இதோ இந்த ராணி. பதினாலு. ஒரு மனுஷன் கையில் பதினாலு சீட்டு இருக்க முடியாது. கனவில் தெரிந்த வீட்டுக்குள் நுழைந்தால் தெரியாத ஒரு அறை கூடுதலாக இருக்குமே, அந்தத் திகைப்புதான் எனக்கும். திரும்ப எண்ணினேன். ஸ்பேட் சரி. டைமண்ட் சரி. ஆட்டின்...

அந்த டைமண்ட் ஆறு. அண்ணன் அதைப் போட்டபோது இவர்தான் கேட்டார், "டைமண்ட் ஆறு. என்ன மச்சான், ஆட்டின் தீந்துடுச்சா?" என்று. அண்ணனின் கை மேசைக்கு மேலேயே நின்றது. ஆடித் தணியும் கொக்கி மாதிரி நின்றது என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம்தான், "தீந்துடுச்சு" என்றார். தீர்ந்திருக்கவில்லை. ஆட்டின் என்று நினைத்து டைமண்டைப் போட்டிருக்கிறார். தவறிப் போட்டுவிட்டேன் என்று அப்போதே எடுத்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை, சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் எடுத்தால், 'எப்படித் தவறுச்சு?' என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, விளையாட்டில்கூடப் பொய் சொல்லாத என் அண்ணன் பொய் சொல்லிவிட்டார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் அண்ணி ஒரு பெரிய விளக்கை நிறுத்தி வைத்திருப்பாள். அன்றைக்கு அதில் பல்பு போய்விட்டது. அந்த மழை வெளிச்சத்தில் அண்ணன் மிச்ச நாலு சீட்டையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆட்டினும் சிவப்பு, டைமண்டும் சிவப்பு.  சீட்டு போகட்டும். நாளைக்குத் திங்கட்கிழமை. காலை ஷிப்ட்.

"நான் கேட்டது போச்சு. ஒரு பிடி கம்மி. போதும்," என்று என் சீட்டுகளைக் கவிழ்த்து நடுவில் எறிந்தேன்.

"ஏய், இன்னும் நாலு சுத்து இருக்கு!"

"ரெண்டு ஸ்பேட் வெச்சிருக்கீங்க, எடுத்துக்கப் போறீங்க. அந்தக் கண்றாவிய வேற உக்காந்து பாக்கணுமா?"

அண்ணன் தன் நாலு சீட்டையும் கவிழ்த்தபடியே குவியலுக்குள் தள்ளினார். அதில் ஒரு ஆட்டினாவது இருந்தாக வேண்டும். கலைக்கும்போது அவர் விரல்கள் அவசரப்பட்டன. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எண்ணத் தெரிந்தவர்களுக்குள் வேறு எப்படி இருக்கும்?

தோற்ற கட்சி டீ போட வேண்டும். சமையலறையில் அண்ணி தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே நின்றாள்.

"அண்ணி, எத்தனை நாளா?"

"என்னது எத்தனை நாளா?"

"என்கிட்டயே நடிக்காதீங்க. நீங்களும் எண்ணிக்கிட்டுதானே இருந்தீங்க?"

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்தாள். "போன வருஷத்துலேருந்து. நடுவுல மூட்டமா இருக்காம். ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுமாம்."

"வருஷா வருஷம் கண் டெஸ்ட் வைக்கறாங்களே?"

"வரிசையில கடைசி ஆளா போய் நிப்பார். முன்னாடி இருக்கறவங்க போர்டைப் படிக்கறதைக் கேட்டே மனப்பாடம் பண்ணிடுவார். அம்பத்திரண்டு சீட்டு ஞாபகம் வெச்சுக்கறவருக்கு அது ஒரு பெரிய விஷயமா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அந்த ஆட்டத்தை நான்தானே சொல்லிக் கொடுத்தேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கீழ நிக்கறது என் வீட்டுக்காரர் அண்ணி! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீங்க?"

"சொன்னா அந்த மனுஷன் என்ன ஆவார்? மேல ஏறி உக்காந்தாதான் அவர் அவரா இருப்பார். தினம் ராத்திரி சொல்லணும்னுதான் படுக்கறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சீட்டை விரிச்சு வெச்சுட்டு வாய மூடிக்கிட்டு உக்காந்தே பழகிடுச்சுடி எனக்கு."

அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. ரெண்டும் செய்யாமல் டீயை வடிகட்டினேன்.

கூடத்துக்கு வந்தபோது இவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே இன்னும் தன் ராணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை. மழைக்குப் பின்னால் வரிசையாகக் கிரேன்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் நிற்பவை மாதிரி. திரைச்சீலை உள்ளே வருவதும் போவதுமாக இருந்தது. எல்லாம் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு அழகாக இருந்தது. இதை நான்தான் கெடுக்க வேண்டும். இந்த மத்தியானத்தை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். கூடவே, தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு விசிலடித்தபடி விடியலில் படியிறங்கிப் போகும் இவரையும் நினைத்தேன்.

இவர் கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினேன். என்ன சீட்டு என்று நானும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவர் வரைக்கும் போய், திரும்பி நின்று, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, இது என்ன சீட்டு?"

இவர் சிரித்தார். "என்ன, மேஜிக் காட்டறியா? மச்சான் சொல்லுங்க, அது..."

"நீங்க சும்மா இருங்க."

என் குரல் எப்படி இருந்ததோ, அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். நேராக இல்லை, என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைச் சாய்த்துப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் வாய்க்கு வந்ததை அடித்து விட்டிருக்கலாம், இல்லை, 'போடி வேலையத்தவளே' என்று திட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதைத்தான் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணி டம்ளர் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சிவப்பு," என்றார் அண்ணன். முகத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்துவிட்டு, "அதுக்கு மேல தெரியலம்மா."

 என் வீட்டுக்காரர் முகத்தில் அந்த ராணியின் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவரும் எண்ணுகிறவர்தான். போன மாசம் லாரி ஓரத்தில் உரசி நின்ற பெட்டியை எண்ணினார். 'காத்துப்பா' என்று அண்ணன் சொன்னதை எண்ணினார். எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"அதனாலதான் கீழ என்னை மட்டும் நிக்க வெச்சீங்களா மச்சான்?"

அண்ணன் தலையை ஆட்டினார். "உன் குரல் ஒண்ணுதான் எனக்குத் தப்பா சொல்லாது."

 கோபப்படவும் முடியாது, கோபப்படாமல் இருக்கவும் முடியாது. இவர் கையிலிருந்த கட்டைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரோரமாகவே நின்று அழுதேன். கையில் அந்தச் சீட்டு இன்னும் இருந்தது.

அண்ணன் சட்டைப் பையைத் துழாவினார். கிரேன் அறையின் சாவியை வெளியே எடுத்தார். பித்தளை வளையத்தில் ஒற்றைச் சாவி, இத்தனை வருஷத்தில் அவரோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்த சாவி. மேசையின் நடுவில், சீட்டைப் போடுவதுபோலத்தான் போட்டார். பேர் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அதை எடுக்கவில்லை.

"நாளைக்கு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போவோம். நீயும் வா மாப்ளே," என்றார் அண்ணன். அப்புறம், கிரேனில் ஏறும்போது வருகிற குரலில், "யார் போடணும்? நீதானே? போடு," என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து, கையிலிருந்ததைச் சீட்டுக்கட்டோடு சேர்த்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். இவர் கலைத்து, சாவியைச் சுற்றி ஆளுக்கொன்றாகப் போட ஆரம்பித்தார். அண்ணன் தன் பங்கை எடுத்து விரித்து, வழக்கம்போல மூக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு அதுவும் வேண்டாம் என்பதுபோல மடியில் இறக்கிக்கொண்டார்.

அண்ணி டீத் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தன் நாற்காலிக்கு வரவில்லை. எதிர்க்கட்சி கையை எட்டிப் பார்ப்பதே பாவம் என்று எங்களைத் திட்டித் திட்டி வளர்த்தவள், அண்ணன் நாற்காலியின் கைப்பிடியில் போய் உட்கார்ந்து அவர் தோள்மேல் சாய்ந்தாள். நானும் இவரும் எங்கள் சீட்டை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே கிரேன்களின் உச்சியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவள் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்ல அண்ணன் அதை விரலால் நகர்த்தி அதன் இடத்தில் வைத்தார்.

"ஸ்பேட் ராஜா," என்றாள் அண்ணி, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆட்டின் ஒன்பது. ஆட்டின் மூணு. இல்ல, இது இந்தப் பக்கம். டைமண்ட் ஆறு."