கேப்டன் கந்தகம் கேட்டில் மாட்டிய கதை

1

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கம் என்பது வாடகைக்குக்கூடக் கிடைக்காது போலிருக்கிறது. கல்யாண வயதைத் தாண்டியவர்கள் எல்லாம் பொம்மையும் கையுமாக அலைகிறார்கள். விளையாடினாலாவது ஒத்துக்கொள்ளலாம். விளையாட மாட்டார்களாம். செய்வார்களாம், நிற்க வைப்பார்களாம், போட்டோ எடுப்பார்களாம். குழந்தை தொட வந்தால் கையைத் தட்டி விடுவார்களாம். குழந்தையிடமிருந்து பொம்மையைக் காப்பாற்றுகிற காலம் இது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கும்மிடிப்பூண்டி ரயிலில். பொன்னேரி வருவதற்குள், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிற லோகு ஒரு மாதிரி சொன்னான். அடுத்த வாரம் அதே ரயிலில், அவனோடு வேலை செய்கிற விக்டோரியா வேறு மாதிரி சொன்னாள். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் எழுத என்ன இருக்கிறது? கேட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே மாலைச் சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை—

அடித்துவிட்டேன். அங்கே சூரியன் பழைய பித்தளைச் செம்பு நிறத்தில்தான் இறங்குகிறது.

அடுத்து:

விக்டோரியா ஓர் ஏழைப் பெண். அவள்—

இதைப் பக்கத்து சீட்டிலிருந்து அவளே எட்டிப் படித்துவிட்டாள். "யாரு ஏழ? எங்க ஊட்ல ஏசி கீது தாத்தா." அதையும் அடித்தேன். சரி, மனிதர்களை விட்டுவிட்டுப் பொம்மையிலிருந்து தொடங்கலாம்.

3

அதன் பெயர் கேப்டன் கந்தகம். அந்தப் பெயரில் எந்தப் படக்கதையும் வந்ததில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் அந்த வீரர் எப்படி இருந்திருப்பார் என்று விக்டோரியா தானாக நினைத்துச் செய்தது. மஞ்சள் உடுப்பு. அதற்கு மேலே பச்சை ஜட்டி. [ஏன் மேலே என்று கேட்டேன். "அப்போல்லாம் ஹீரோன்னா அப்பிடித்தான் தாத்தா" என்றாள். உள்ளே போடுகிறவர்கள் எல்லாம் யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.] பெல்பாட்டம். காதுக்குக் கீழே இறங்கிய கிருதா. முதுகில் பறக்கக் கிழிந்த குடைத்துணி. பெயிண்ட் எல்லாம் நகப்பூச்சு.

உடம்பு அவள் செய்ததில்லை. பெரியபாளையம் கோயில் கடையில் வாங்கிய மல்யுத்தக்காரப் பொம்மை அது. அதன் தலையை வெந்நீரில் முக்கி, இளக்கி, பிடுங்கி எறிந்துவிட்டாள். புதுத் தலையைப் பெயிண்டர்கள் பூசுகிற புட்டி மாவில் பிசைந்து ஊசியால் முகம் கீறினாள். முதல் தலை மாமனார் மாதிரி வந்ததாம். அடுத்தது ஆடு. அப்புறம் எத்தனையோ வீணான பிறகுதான் அந்த முறைப்பு வந்ததாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இந்தக் கதைக்குக் கம்பெனி கேட்டில் ஒரு வாட்ச்மேன் வேண்டும். நிஜமாக அங்கே இருந்தவர் தங்கமான மனிதர், கதைக்கு உதவ மாட்டார். அவரை வெந்நீரில் முக்கினேன். பழைய தலையைக் கழற்றிவிட்டு வேறு தலை வைத்து அழுத்தினேன். பெயர் ஆதிகேசவன். யாரையும் நம்பாதவர். வேலை முடிந்து போகும்போது தன் டிபன் பாக்ஸையே திறந்து சோதித்துக்கொண்டு போகிறவர். இனிமேல் கதை அவர் பின்னால் போகும். [கழுத்து கொஞ்சம் ஆடுகிறது. பார்த்துக்கொள்ளலாம்.]

4

ஆதிகேசவனுக்கு ஆயுத பூஜை பிடிக்காது. அன்றைக்கு எல்லோரும் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு சிரித்தபடி உள்ளே போவார்கள். சிரிக்கிறவன் பையை எப்படிச் சோதிப்பது? கேப்டன் கந்தகம் அப்படித்தான், பொரி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து, அவரைத் தாண்டி உள்ளே போனார்.

அந்தக் கம்பெனியில் பெயிண்ட் வாளிக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். விக்டோரியாவுக்கு மூடியை அடுக்கிக் கட்டுகிற வேலை. நாலாம் நம்பர் மிஷின் பழைய பச்சை மிஷின். போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமே என்று கேப்டனை அதன் மேல் நிற்க வைத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மிஷின்காரன் லோகு சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்தான். சுவிட்சுக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு, துடைப்பத்துக்குப் பொட்டு, கேப்டன் நெற்றிக்குப் பொட்டு.

"லோகண்ணா! இன்னா பண்ணிட்டே! எங்க ஊட்ல மன்ஷங்களுக்கே பொட்டு வெக்க மாட்டோம்!"

"மிஷின் மேல கீறதுக்கெல்லாம் வெக்கணும். நீ ஏறி நின்னாலும் வெப்பேன்."

நாலாம் நம்பர் அதுவரை பிசாசு. அது துப்புகிற மூடியில் பாதி, ஓரம் கடித்த முறுக்கு மாதிரி வரும். அன்றைக்கு மறுநாளிலிருந்து ஒழுங்காக வர ஆரம்பித்தது. கேப்டனுக்கு மாலை விழுந்தது. அப்புறம் எலுமிச்சம்பழம். மானேஜர் ஒன்றும் சொல்லவில்லை. மூடி நிறைய வந்தால் மானேஜர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

விக்டோரியா எடுக்கப் போனால் லோகு குறுக்கே நின்றான். "பொட்டு வெச்சா வெச்சதுதான்."

அவளுக்கு அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இந்த மாதிரிப் பழைய பாணி வீரர்களைச் செய்கிறவர்கள் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு மேசை. இத்தனை வருடம் அவர்களைச் செல்போனில் மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டவளுக்கு முதன்முதலாக ஒரு மேசை கிடைத்திருக்கிறது. மேசை இருக்கிறது, வீரர் மிஷின் மேல் மாலையோடு நிற்கிறார்.

5

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தது. லோகு அசந்த நேரம் பார்த்து விக்டோரியா கேப்டனைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஆதிகேசவன் விக்டோரியாவின் பையைத் திறந்தார். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து குடைத்துணி எட்டிப் பார்த்தது.

"இன்னாது இது?"

"பொம்ம, நைனா."

"பிளாஸ்டிக்கா?"

"ஆமா."

"இது இன்னா கம்பெனி?"

"பிளாஸ்டிக் கம்பெனி."

"அப்போ?"

"அய்ய, நைனா! இங்க மூடிதான் போட்றாங்க. ஜட்டி போட்ட மூடிய எங்கியாச்சும் பாத்துக்கிறியா?"

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. ஆதிகேசவன் சிரிக்கவில்லை. பொம்மையைத் தூக்கி மேசை மேல் நிற்க வைத்தார்.

"உள்ள வரச்சொல்லோ எங்கிட்ட காட்டினியா?"

"காட்டல."

"காட்டாம வந்தது இங்க வரவே இல்ல. வராதத நான் எப்பிடி வெளிய உட்றது?"

[இந்த நியாயத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஓட்டை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் சொல்லாதீர்கள்.]

அதற்குள் உள்ளேயிருந்து லோகு கையுறைகூடக் கழற்றாமல் ஓடி வந்தான். "சாமிய தூக்கிக்கினு போறா! நாலாம் நம்பர் நின்னுபோச்சு நைனா!"

"நீ இங்க கீறியே, அங்க மிஷின யாரு பாக்குறா?"

"மிஷின் கதவத் தொறந்துட்டு அப்பிடியே ஓடியாந்தேன்."

"கதவு தொறந்தா அது நிக்கத்தான் செய்யும். உன் கைய காப்பாத்தத்தானேடா அந்தக் கதவே வெச்சிக்கிறான்?"

"கதவு ஒரு காரணம் நைனா. சாமி ஒரு காரணம்."

சொல்லிக்கொண்டே லோகு கேப்டனின் காலைப் பிடித்தான். விக்டோரியா தலையைப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவளும் இழுத்தாள். 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

உடம்பு லோகு கையில். தலை விக்டோரியா கையில். பஸ் டிரைவர்கூட உறுமலை நிறுத்திவிட்டார்.

6

இந்த இடத்தில் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து எழுதிப் பார்த்த முடிவுகள்:

விக்டோரியாவின் கண்ணீர்த் துளி பட்டதும் உள்ளே மிஷின் தானாக— [சீ.]

மானேஜர் ஓடி வந்து அவளுக்குச் சால்வை— [அவர் அந்நேரம் காரில் கவரைப்பேட்டை தாண்டியிருப்பார்.]

தலையில்லாத கேப்டன் லோகுவின் கையை உதறிவிட்டு, குடைத்துணி படபடக்க, மதிலுக்கு மேலே எழும்பினார். இதை ரசித்து எழுதினேன். மூன்றாவது வரியில் ஆதிகேசவன் அவரைக் கீழே இறக்கி கேட் பாஸ் கேட்டுவிட்டார்.

என்னால் ஆகாது என்று அவரிடமே விட்டேன். அவர் லோகுவின் கையைப் பார்த்தார். விக்டோரியாவின் கையைப் பார்த்தார்.

"பொம்மைய நான் வெளிய உட மாட்டேன்," என்றார். லோகுவிடம் இருந்ததைக் காட்டினார். "அது பொம்ம. உள்ள போவட்டும்." விக்டோரியாவின் கையைக் காட்டினார். "இது பொம்ம இல்ல, வெறும் தல. தலைக்கு இங்க ரூல் கெடையாது. எட்து‌க்கினு ஓடு, பஸ்ஸு நிக்குது."

விக்டோரியா அழுவதற்குத்தான் வாயைக் கோணினாள். பாதியில் அது சிரிப்பாகிவிட்டது. "நைனா! உடம்பு எந்தக் கடையிலயும் கெடைக்கும் நைனா! தலதான் என்னுது!" கேப்டனின் தலையை மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

லோகு மட்டும் பச்சை ஜட்டியைப் பிடித்தபடி நின்றான். "தல இல்லாத சாமிய இன்னா பண்றது?"

"கல்லுக்கு மட்டும் மூஞ்சியா கீது? கும்புட்ற இல்ல? போ, போயி கதவ சாத்து."

கொஞ்ச நேரத்தில் உள்ளே நாலாம் நம்பர் ஓடுகிற சத்தம் கேட்டது.

7

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. விக்டோரியா அதைச் சொல்ல வாயெடுத்தபோது ரயிலில் பெட்டி மாறி உட்கார்ந்துகொண்டேன். சென்னையில் மேசை இருக்கிறது. தலை இருக்கிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. உடம்பை நீங்கள் தேடிக் கொடுங்கள். நல்ல உடம்பாகப் பாருங்கள், தொந்தி வேண்டாம். முடியாதென்றால் தலையை மட்டும் மேசையில் வையுங்கள். அதுவும் முறைக்கத்தான் செய்யும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ரவுண்டு கிளம்பிய ஆதிகேசவனை நிறுத்தினேன்.

"யோவ், மிஷின் ஓடினதுக்குக் கதவு காரணமா, கேப்டன் காரணமா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

"கதவு," என்றார்.

இரண்டடி வைத்தார். நின்றார்.

"அவன் கதவ சாத்துனதையும் நான் பாக்கல."

என் பையை ஒரு தடவை முறைத்துவிட்டு, மதில் ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தார்.