கட்டளைக்குப் பிறகு தொடக்கூடாது

பேச்சால் ஒன்றும் ஆகாது என்பதை இரண்டு மணி நேரம் பேசியே நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதர் அவளுடைய கொழுந்தன்தான். வாரம் தவறாமல் ஒரு வாடகை மண்டபத்தில் அதைச் செய்துகொண்டிருந்தார். வாயால் சுவிசேஷம் சொன்னது போதும், இனி பலத்தைக் காட்டுகிற காலம் என்று ஆரம்பித்தாரானால் மைக்குக்கே தொண்டை கட்டிவிடும். பலம், பலம் என்று ஓயாமல் சொன்னதில் அவருக்குப் பலத்தார் என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு விளம்பரப் பலகையிலேயே போட்டுக்கொண்டார்.

அவளுக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவள். படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் பிழைப்பு. அந்தத் தொழிலில் யாரும் துள்ளிக் குதித்து எழுந்து அவள் பார்த்ததில்லை. கால் கட்டைவிரலை அசைக்க ஒரு ஆள் ஒரு வாரம் அழுவார். அசைந்த அன்று அவளும் சேர்ந்து அழுவாள். கொழுந்தனின் மேடையிலோ தூக்கிக்கொண்டு வரப்பட்டவன் ஒரே கூச்சலில் ஓடுகிறான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றாலாவது சரி, இங்கே பழத்தை முதலிலேயே அறுத்துக் கயிற்றில் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பாள் கணவனிடம். அவர் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்குச் சட்டைப் பொத்தானில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவளும் சபைக்குப் போகிறவள்தான். கர்த்தர் சுகமாக்குவார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சுகமாக்குவதற்கு அவருக்கு இந்த மனுஷனுடைய வெள்ளைக் கோட்டும் பின்னால் அழுகிற கீபோர்டும் தேவைப்படும் என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது பலத்தார் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, கையை உயர்த்தி, வார்டு முழுக்கக் கேட்கும்படி வியாதியை அதட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குப் படபடப்பு வந்து, நர்ஸ் இவரை அதட்டினாள். அன்று போனவர்தான். அதற்குப் பிறகு அம்மாவின் படுக்கையை மாற்றவோ, ஒரு வாய் ஊட்டவோ, கழிவறைக்குத் தாங்கிப் போகவோ அவருடைய பலம் வரவில்லை. எல்லாம் அவள்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வாக்கருக்கு, வாக்கரோடு சமையலறை வரைக்கும் என்று ஒவ்வொரு அடியாக மாமியாரைத் திரும்பக் கொண்டுவந்தாள். இப்போது ஆள் பக்கத்தில் இருந்தால் வாக்கர் இல்லாமலே கூடத்தின் பாதி வரை நடப்பார். அசதி வந்தால் மட்டும் இடது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடும்.

இந்தச் செய்தி எப்படியோ பலத்தாருக்கு எட்டியது. பழக்கூடையோடு வந்து இறங்கினார். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிவருவதை அவள் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

வரும் ஞாயிறு சுகமளிக்கும் ஆராதனை, அம்மா மேடை ஏற வேண்டும், வாக்கரை விட்டுவிட்டு அவரை நோக்கி நடந்து வர வேண்டும். அவ்வளவுதான் என்றார். பிறத்தியார் சாட்சியை ஜனங்கள் சந்தேகப்படுகிறார்களாம். பெற்ற தாயைச் சந்தேகப்பட முடியாதல்லவா?

"நான் ஒண்ணுமே பேசப் போறதில்ல, அண்ணி. அம்மா நடக்கிறதே ஆயிரம் பிரசங்கத்துக்குச் சமம்."

"அத்தை நடக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு, தம்பி. அந்த ஆயிரம் பிரசங்கமும் இந்தக் கூடத்துலதான் நடந்துச்சு. நீங்கதான் வரல."

அவர் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பது அவர் தொழிலில் பாதி. எல்லாம் உங்கள் கை வழியாகக் கர்த்தர் செய்தது என்று சாந்தமாகச் சொன்னார். அப்படியானால் மேடையிலும் அந்தக் கை பக்கத்தில் இருக்கட்டும் என்றாள் அவள்.

"அது முடியாது, அண்ணி. எழுந்து நடன்னு கட்டளை கொடுத்த பிறகு யாரும் தொடக்கூடாது. தொட்டா அது மனுஷ உதவி ஆயிடும். ஜனங்க விசுவாசம் போயிடும்."

இந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு உடையும், உடைந்தால் மறுபடி படுக்கைதான், அதிலிருந்து எழுந்தவர்கள் குறைவு என்று அவள் எடுத்துச் சொன்னாள். சின்னக் குழந்தை உளறுவதைக் கேட்பவர் மாதிரி புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கணவன் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் மாமியார்தான் வாயைத் திறந்தார். வருகிறேன் என்றார்.

பலத்தார் போன பிறகு அவள் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அந்த மைக்குக்காரனுக்குத் தாரை வார்க்கத்தானா என்று கேட்டாள். மாமியார் தன் இடது கையை வலது கையால் நீவிவிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார்.

"என்னை நடக்க வெச்சது கர்த்தரும் நீயும். அது எனக்குத் தெரியாதாம்மா? நான் அதுக்காகப் போகல. மேடையில அவன் எதிர்ல நிப்பான்ல? நடந்து போய் அவன் கையைப் பிடிச்சுக்குவேன். அவன் என்னைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு."

"தொட மாட்டார், அத்தை. அதுதான் அங்க சட்டம்."

"பெத்தவளுக்குமா?" என்று மாமியார் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கைகால் விளங்காமல் போனால் பயிற்சி கொடுக்கலாம். பித்துக்கு என்ன பயிற்சி கொடுப்பது? தடுத்தால் கிழவி சாப்பிடாமல் கிடக்கும் என்பதும் தெரியும். அதனால் பலத்தாருக்குப் போன் செய்து நிபந்தனை போட்டாள். நடக்கிற தூரம் கூடத்தின் பாதிக்கு மேல் போகக்கூடாது, முடிகிற இடத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும், தான் முதல் வரிசையில் உட்காருவேன். அவர் எல்லாவற்றுக்கும் ஆமென் என்றார். அவரிடம் கேட்டால் கிடைக்கிற ஒரே பொருள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் ஒரு முதுகுவலிக்காரர் குனிந்து நிமிர்ந்தார். ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு, இறங்கும்போது படியைக் காலால் துழாவினாள். மயங்கி விழுகிறவர்களைப் பிடிக்க இரண்டு தடியர்கள் பின்னால் நின்றார்கள். கட்டளை வந்ததும் அவர்கள் ஒரே சீராகப் பின்வாங்குவதைப் பார்த்தால் ஒத்திகை நன்றாக நடந்திருப்பது தெரிந்தது. உள்ளே வந்ததிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த நாற்காலியைக் காணவில்லை. கேட்டதற்கு, வீடியோவில் அது அசிங்கமாக விழுகிறது, அதனால் எடுத்துவிட்டோம் என்றான் ஒரு தடியன்.

அவள் எழுவதற்குள் மாமியாரை மேடை ஏற்றிவிட்டார்கள். தோளில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினார்கள். மருத்துவம் கைவிட்ட என் தாய் என்று பலத்தார் விம்மினார். கைவிட்ட மருத்துவம் முதல் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் வாக்கரைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஜனம் ஆர்ப்பரித்தது. கட்டளை கொடுத்தார். தடியர்கள் பின்வாங்கினார்கள். அவர் மேடையின் மறுபக்கம் போய்க் கைகளை விரித்து நின்றார்.

மாமியார் நடந்தார். நன்றாகவே நடந்தார். குதிகாலை முதலில் ஊன்றி, பாரத்தை மெதுவாக மாற்றி, அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு அடியும் வந்தது. எத்தனை வெறுப்பிருந்தும் அவள் உதட்டுக்குள் அடிகளை எண்ணத் தொடங்கினாள். மாமியார் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. மகன் கையை மட்டுமே பார்த்து வந்தார். கிட்டே வந்ததும் தன் நல்ல கையை நீட்டினார்.

பலத்தார் ஒரு அடி பின்னால் போனார்.

ஜனம் இன்னும் உரக்க ஆர்ப்பரித்தது. மாமியார் இன்னொரு அடி வைத்தார். அவர் இன்னொரு அடி பின்னால் போனார். குழந்தைக்கு நடை பழக்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது. ஆனால் அவர்கள் கடைசியில் வாரி எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆள் எவ்வளவு தூரம் போவானோ என்று நினைத்தபோதே, மாமியாரின் இடது முழங்கால் நடுங்குவதை அவள் பார்த்துவிட்டாள்.

மாமியார் நின்றார்.

"நான் வரலடா. நீ வா."

தோளில் இருந்த மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. ஆர்ப்பாட்டம் அடங்கியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு எட்டு தூரம்தான். பலத்தாருடைய கை லேசாக உயர்ந்தது. உயர்ந்த கை, வீடியோ எடுக்கிறவனைக் கண்டதும் பாதியில் நின்றுவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் அடுத்தது. சபையார் நடுவில் அவிசுவாசம் இருக்கிறது, அது அற்புதத்தைத் தடுக்கிறது, எல்லாரும் கண்ணை மூடி ஜெபியுங்கள் என்றார். தானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார்.

அவள் மேடைக்கு ஓடினாள். தொடக்கூடாது என்று குறுக்கே வந்த தடியனின் கையைத் தட்டிவிட்டாள். மாமியாருக்குப் பின்னால் போய் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, மடங்கத் தொடங்கிய காலுக்குத் தன் காலை அண்டை கொடுத்தாள். கிழவியின் உடம்பு முழுக்க வியர்வை.

"அத்தை, நான் பிடிச்சிருக்கேன். மெதுவா உட்காருங்க."

"உட்கார வைக்காதேம்மா. இப்படியே நிக்க வை. கண்ணைத் திறந்தான்னா வந்துடுவான்."

மேடை ஏறும்போது அவள் நாக்கு நுனியில் அவருக்கென்று நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. அவை கிடக்கட்டும், இந்த மனுஷி விழாமல் நின்றால் போதும் என்று பிடியை இறுக்கிக்கொண்டாள். மாமியார் நீட்டிய கையை மடக்கவில்லை. கீபோர்டு உரக்க ஏறியது. இவ்வளவு பக்கத்தில் பலத்தாரின் மூடிய இமைக்குள் கண் இப்படியும் அப்படியும் ஓடுவது நன்றாகத் தெரிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.