திருத்தி வாசிக்கவும்

நகைச்சுவை எழுத்தாளர் ‘ஊசிப்பட்டாசு’ ரங்கதுரையின் அச்சில் வந்த டைரியைப் படித்து முடித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்துகொண்டிருந்தார். காலமாகி நான்கு வருஷமாகியிருந்ததால் செருப்பில்லாமல் வந்தார். காலமானவர்கள் செருப்பு போடுவதில்லை.

மாயவரத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்த திலகவதிக்கு இது தெரியும். தெரிந்தும் கடைசி இருபது பக்கத்தை மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்தாள். கணவர் குணசீலன் வீட்டைவிட்டுப் போன ஒன்பது வருஷத்தில் அவளை வாய்விட்டுச் சிரிக்கவைத்தவர் ரங்கதுரை ஒருவர்தான். டீக்கடையில் மறந்த பல்செட்டை மீட்கப் போய் இன்னொருவருடையதை மாட்டிக்கொண்டு வந்தாரே, அந்த நாளைப் பதினோரு தடவை படித்திருந்தாள். முடித்துவிட்டால் அப்புறம் எதைப் படிப்பது என்று பயமாக இருந்தது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டாள்.

மறுநாள் வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அட்டைப்படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தார். ஜோக் எதுவும் சொல்லவில்லை.

“கடைசி வரியைப் பாருங்கம்மா.”

‘வருகிறேன்’ என்று இருந்தது.

“நான் எழுதினது ‘போகிறேன்’. புரூஃப் பார்த்தவர் நல்லா வளர்த்த பிள்ளை. கிளம்பறவங்க போறேன்னு சொல்லக் கூடாதுன்னு மாத்திட்டார். அச்சுல வந்துட்டா வந்துதானே ஆகணும்? ஆயிரம் பிரதி போட்டிருக்காங்க. காலே விட்டுப்போச்சு. உங்க கையால திருத்திடுங்க.”

திலகவதி பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். சாம்பாரில் உப்பு தூக்கலாகிச் சண்டை வந்த அன்று குணசீலன் அதன் பின்பக்கம் எழுதியிருந்தார்: ‘நான் போறேன்.’ எங்கே என்று எழுதவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ரேஷன் கடையில் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்கும்போதெல்லாம் “இருக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள்.

“முதல்ல இதைத் திருத்துங்க சார்.”

அவர் தாளை வாங்கினார். “எந்த நிலையில வருவார்னு எனக்குத் தெரியாதும்மா.”

“வரட்டும்.”

‘போறேன்’ மேல் கோடு போட்டு ‘வரேன்’ என்று எழுதினார். அவளும் புத்தகத்தில் அடித்துத் திருத்தினாள். ரங்கதுரை எழுந்தார்.

“போறேம்மா” என்றார். அப்போதுதான் அட்டைப்படத்துச் சிரிப்பு முகத்தில் வந்தது.

மறுநாள் விடிந்ததுமே திலகவதி சாம்பார் வைத்தாள். குணசீலனுக்கு டயர் செருப்பு. படியேறினால் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்காக அடுப்பைக்கூடச் சிம்மில் வைத்துக் காத்திருந்தாள்.

பத்து மணிக்குக் கீழே இரும்புக் கேட் திறந்தது. பதினான்கு படிக்கு ஆகும் நேரம் சத்தமே இல்லாமல் போயிற்று. பிறகு வாசலில், கதவுக்கு மிக அருகே, குணசீலன் தொண்டையைச் செருமினார்.

திலகவதி அடுப்பை அணைத்தாள். உள்ளங்கையில் சாம்பாரை ஊற்றி உப்பு பார்த்தாள். சரியாக இருந்தது. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.